மூன்றாவது போர்டின் விவரம்

இதை எழுதியது நேர்மைதானா, இல்லை உள்ளே எங்கோ கிடந்த ஒரு சின்ன வன்மமா?

கேள்வி எழுந்ததும் அவள் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டாள். திரையில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. பதினோராவது வரி, மூன்றாவது சர்க்யூட் போர்டில் மெமரி கார்டு இருக்கிறதா என்று கண்டறியும் வசதி பழுது என்று சொன்னது. அந்த போர்டை ஐந்து வருஷத்துக்கு முன் வரைந்தவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். இந்த அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருப்பவரும் அவரே.

வீட்டில் மாமா, இங்கே சார். நாலு வருஷம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தவளை, கற்ற வேலை மறந்துபோயிருக்கும் என்று மற்ற இடங்களில் எல்லாம் திருப்பி அனுப்பினார்கள். இங்கே கூட்டிவந்து ஒரு நாற்காலி கொடுத்தவர் அவர்தான். மூன்று வருஷத்தில் ஒருநாளும் அவர் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அக்காதான் "உங்க மாமா மட்டும் இல்லன்னா" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிடுவாள்.

நோயாளிகள் ஒருநாள் முழுக்க இடுப்பில் கட்டிக்கொண்டு திரியும் இதயத்துடிப்புப் பெட்டி அவர்கள் செய்வது. துடிப்பெல்லாம் ஒரு மெமரி கார்டில் பதிவாகும். அந்தக் கார்டைக் கட்டி மேய்க்கிற டிரைவர் என்கிற நிரல் பழசு. சிப் எந்த முகவரியில் இருக்கிறது, கார்டு வந்த சேதி எந்தக் கம்பியில் வரும் என்பதெல்லாம் நிரலுக்குள்ளேயே ஆணி அடித்து வைத்திருந்தது. புது போர்டு வரும்போதெல்லாம் அதைக் குடைய வேண்டும். இப்போது அவள் அந்த விவரங்களை வெளியே எடுத்து, போர்டுக்கு ஒன்றாகத் தனிக் கோப்பில் எழுதிவிட்டாள். பெட்டி விழித்ததும் டிரைவர் அந்தக் கோப்பைப் படித்துக்கொள்ளும். கோப்புக்கு ஒரே விதிதான்: போர்டு எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும்.

முதல் இரண்டு போர்டுகளும் சொன்னபடி கேட்டன. மூன்றாவது, கார்டைச் செருகினாலும் உருவினாலும் அசைந்துகொடுக்கவில்லை. மூன்று நாள் அவள் தன் நிரலையே சந்தேகப்பட்டாள். எது கெட்டாலும் தன்னிடமிருந்து தேடத் தொடங்குவது அவளுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. நாலாம் நாள் போர்டை எடுத்துக்கொண்டு சோதனை மேசைக்குப் போனாள். அங்கே இருப்பவளை எல்லோரும் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உன் புரோகிராம்ல தப்பு ஒண்ணும் இல்லடி. இங்க பாரு. சுவிட்ச் இருக்கு, சுவிட்ச்சுக்குக் கால் இருக்கு. கால்லேர்ந்து சிப்புக்குப் போற செம்புத் தடம் எங்க? வரைஞ்சவரு பாதியில டீ குடிக்கப் போயிட்டாரு போல."

"யாரு வரைஞ்சதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். அதான் மெதுவாப் பேசறேன்."

தன் மேல் தப்பில்லை என்று தெரிந்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தப்பு அவருடையது என்று தெரிந்தபோது அந்தச் சந்தோஷம் இன்னும் கொஞ்சம் கூடியது. அந்தக் கொஞ்சத்தைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

பழைய நிரலைத் தோண்டினாள். இந்த போர்டுக்கு மட்டும், கார்டு எப்போதும் இருப்பதாக வைத்துக்கொள் என்று ஒரு வரி. பக்கத்தில் அவர் எழுதிய குறிப்பு, 'தற்காலிகம்'. அது ஐந்து வருஷமாக அங்கே குடியிருந்தது. அவள் பெட்டியை அந்தப் பழைய நிரலிலேயே ஓடவிட்டு, சிவப்பு ஒட்டுப்போட்ட கார்டை உருவிவிட்டு நீல ஒட்டுப்போட்டதைச் செருகினாள். பெட்டியில் பச்சை விளக்கு, பதிவாகிறது என்று நிதானமாக எரிந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நீலக் கார்டு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது; கார்டு மாறியதே நிரலுக்குத் தெரியவில்லை. யாரோ ஒருவர் ஒருநாள் முழுக்கப் பெட்டியைச் சுமந்திருப்பார், ஒன்றுமில்லாததற்கு.

மதியம் அவர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் அவளுடைய பன்னிரண்டு வரிகளும் அச்செடுத்துக் கிடந்தன.

"உக்காரு. நல்லாப் பண்ணியிருக்க. ஒரு சொல்லுதான் உறுத்துது. 'பழுது'ங்கறதை எடுத்துட்டு 'கழற்ற முடியாதது'ன்னு போட்டுடு. போர்டோட சேர்த்து ஒட்டின கார்டுக்கு அப்படித்தானே எழுதறோம்? டிரைவரும் சும்மா இருக்கும்."

"இந்தக் கார்டைக் கழற்றலாமே சார்."

"கழற்றினா பெட்டியை ஒருதரம் அணைச்சுப் போடணும்னு கையேட்டுல இருக்கு."

"எந்தப் பக்கத்துல சார்?"

அவர் சிரித்துவிட்டார். "நாப்பத்தொண்ணு."

"நர்ஸுங்களுக்கு முதல் பக்கம் படிக்கவே நேரமில்ல."

"சரிம்மா. இந்தக் கோப்பு பெட்டி வாங்கறவங்க கைக்கும் போகுது. திறந்ததும் பழுதுன்னு கண்ணுல குத்தணுமா?"

"பழுதுன்னு எழுதினாத்தான் டிரைவர் நொடிக்கு ஒருதரம் தானே போய்க் கார்டைப் பார்த்துட்டு வரும். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். ஒருநாள் தாங்குதான்னு ஓட்டிப் பார்த்துட்டேன், தாங்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி இல்லாத முகத்தை அவள் வீட்டில்தான் பார்த்திருக்கிறாள்.

"அந்த போர்டை எங்க உக்காந்து வரைஞ்சேன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். அக்காவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில், இரும்பு நாற்காலியில், மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவர் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை போர்டை அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். டாக்டர் கூப்பிடறார் மாமா, என்று ஓடிப்போய்ச் சொன்னவள் அவள்தான். அவர் அப்படியே மூடிவைத்துவிட்டு எழுந்தார். எந்தக் கோடு பாதியில் நின்றதென்று அன்றைக்கு இரண்டு பேருக்கும் தெரிய நியாயமில்லை.

காலையிலிருந்து துருவிக்கொண்டிருந்த கேள்வியை அவள் மறுபடி எடுத்துப் பார்த்தாள். வன்மம் இருக்கிறதா? துளி இருக்கலாம். அது போய்விட்டாலும் அந்தத் தடம் சிப்பைத் தொடப்போவதில்லை.

"சாராக் கேக்கல. மாமாவாக் கேக்கறேன். ஒரு சொல்லு, அவ்வளவுதான்."

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பூதக்கண்ணாடி குனிந்து வேறெதையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் அவள், மேசையில் கிடந்த அச்சுத் தாளை எடுத்து, இரண்டாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். மூன்று வருஷத்தில் இந்தக் கட்டடத்துக்குள் ஒருதரம்கூட அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அந்த வரி இருக்கட்டும், மாமா," என்றாள்.