இரண்டு ரப்பர் ஸ்டாம்ப்

அலுவலகத்திலும் வீட்டிலும் எனக்குப் பெயர் பிரஷர் குக்கர். மூன்று விசில் வரை பொறுப்பேன், பிறகு மூடி பறக்கும். ஆறு மாதத்துக்கு முன் அது என் மகள் மேலேயே பறந்தது. கார் பழக்குகிறேன் பேர்வழி என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சிக்னலில் வண்டி அணைந்து நின்றது. அடுத்த காரில் அவளோடு வேலை பார்ப்பவர்கள் இருப்பது தெரிந்தும், "உனக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுப்பான்?" என்று கத்தினேன். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள். நான் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து அம்மாவை மட்டும் பார்த்துவிட்டுப் போவாள்.

மனைவிதான் என்னை மனநல ஆலோசகரிடம் இழுத்துப்போனாள். அந்தம்மா இரண்டு வேலை கொடுத்தார். ஒன்று, தினமும் கடையில் இருப்பதிலேயே நீளமான வரிசையில் வேண்டுமென்றே நின்று, கோபத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க், யார் மேல் கோபம் என்று சீட்டில் குறிக்க வேண்டும். இரண்டாவது, ஸ்டோயிக் என்ற பழங்காலத்து ஞானிகளின் யோசனை. அவர்களில் ஒருவர் அடிமையாக இருந்தவர், இன்னொருவர் பேரரசராம். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்: எது உன் கையில், எது உன் கையில் இல்லை என்று முதலில் பிரி.

பிரிப்பதா? இருபத்தெட்டு வருஷமாக ஆவணப் பிரிவில் முத்திரை குத்துகிறவன் நான். மறுநாளே இரண்டு ரப்பர் ஸ்டாம்ப் செய்துவிட்டேன். 'என் கையில்' நீல மை, 'என் கையில் இல்லை' சிவப்பு மை. கோபச் சீட்டுகளில் குத்தத் தொடங்கினேன்: மழைக்கு ஒரு சிவப்பு, மேலதிகாரிக்கு ஒரு சிவப்பு. மனசு லேசாகிவிட்டது. குழாய் ஒழுகுகிறது என்று மனைவி எழுதி ஒட்டிய சீட்டிலும் சிவப்பு குத்தினேன்.

"ஸ்பேனர் யாரு கையில இருக்கு?" என்றாள் மனைவி. அன்று இரவுச் சாப்பாடு என் கையில் இல்லை.

ஆலோசகரிடம் சீட்டுக் கட்டை நீட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு ஒரு சீட்டை மட்டும் உருவினார். 'மகள் பேசவில்லை.' சிவப்பு.

"அவங்க பேசறது உங்க கையில இல்ல, சரி. நீங்க மன்னிப்புக் கேட்டீங்களா சார்?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அது யார் கையில?"

சுருக்கென்றது. பத்துக்கு ஒன்பது என்று குறித்தேன். யார் மேல் என்ற கட்டத்தில், முதல் தடவையாக, 'என் மேல்' என்று எழுதினேன். அந்த வாரம் அவர் எனக்கு வரிசையில் நிற்கும் வேலை தரவில்லை. மகளிடம் போக வேண்டும், 'ஆனால்' என்ற சொல் இல்லாமல் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அவள் அலுவலக வாசலில் போய் நின்றேன். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிக் கத்துனது தப்புமா. மன்னிச்சிடு." 'ஆனால்' தொண்டை வரை வந்தது, விழுங்கினேன். அவள் என்னையே பார்த்தாள். "சரி" என்று உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து குழாயைச் சரிசெய்தேன்.

இரண்டு ஞாயிறு கழித்து வாசலில் கார் ஹாரன். உள்ளே மகள்; கூட வந்த தோழி இறங்கிக்கொண்டாள்.

"புதன்கிழமை டெஸ்ட். பக்கத்துல உக்கார ஆள் வேணும். ஆளு மட்டும் போதும், வாய் வேண்டாம்."

ஏறினேன். அதே சிக்னல். பச்சை விழுந்ததும் வண்டி அணைந்தது. மறுபடி கிளப்பினாள், மறுபடி அணைந்தது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். இல்லாத பிரேக்கை என் வலது கால் மிதித்துக்கொண்டே இருந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னப்பா, ஒரு விசிலையும் காணோம்?"

"பத்துக்கு எட்டுல நிக்குதும்மா. நீ மெதுவாவே கிளப்பு."

சிரித்துவிட்டாள். ஆறு மாதம் கழித்துக் கேட்கும் சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் இருந்தவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எடுக்காவிட்டால் போகட்டும் என்று இருந்தது எனக்கு.