வழவழப்பு

தொட்டியில் இன்றைக்கும் இரண்டு கெண்டைகள் மல்லாந்து மிதந்தன. மீன்குஞ்சு விற்கும் முஜீப், காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பஸ் ஏறி மலைக்கு வந்தவர், ஒன்றை எடுத்துப் பார்த்தார். உடம்பெங்கும் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளைப் பூஞ்சை.

“ஏனுங்க அக்கா, மீனை என்ன பண்ணுனீங்க?”

பானுமதி மறைக்கவில்லை. போன வாரம் அவள் புருசன் ரமேஷ்குமாருக்குக் கருமாதி. வீடு, பாய், அவன் துணிமணி என்று எல்லாவற்றையும் தீட்டுப் போகக் கழுவினார்கள். தீட்டு அவன் வளர்த்த மீனை மட்டும் விட்டுவைக்குமா என்ன? தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொரு மீனையும் பிடித்து, வழவழப்புப் போகத் துண்டால் துடைத்துவிட்டாள்.

“அந்த வழவழப்புதானுங்க அதுக்குக் காவல். தண்ணியில இருக்கிற கிருமியெல்லாம் அதுல மாட்டிச் செத்துப்போயிரும். அதைத் தொடைச்சுட்டா மீனு என்னங்க பண்ணும்?”

“சரிங்க” என்றாள். அழுகை வரவில்லை. அவன் செத்த அன்றிலிருந்தே வரவில்லை.

முஜீப் போனதும் மீன்களை மிளகுக்கொடியடியில் புதைத்துவிட்டு, கைகழுவி உள்ளே வந்தாள். பெட்டியைத் திறந்து, ரமேஷ்குமாரின் நான்கு சட்டைகளையும் ஒவ்வொன்றாக முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள்.

நான்கிலும் சோப்பு வாசம்தான் இருந்தது.