பவுனு மதினியின் பால்

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. ஏலத்தோட்டத்தில் பழுத்த காய் எது, பிஞ்சு எது என்று தெரியாமல் பறித்துப் போட்டு கங்காணியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கோம்பையில் இலவசக் கண் முகாம் வந்தபோது நான்தான் பெயர் கொடுத்தேன். ஆஸ்பத்திரி பஸ்ஸில் கூடவே போனேன். ஒரே நாளில் பதினோரு பேருக்கு ஆபரேஷன் செய்தார்கள்.

மறுநாள் திரும்பும் பஸ்ஸிலேயே அம்மா கண்ணைப் பொத்திக்கொண்டு முனகினாள். கூட வந்த நர்ஸிடம் சொன்னேன். அறுத்த இடம் வலிக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு அவள் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வலி மண்டைக்கு ஏறியது. கொடுத்த சொட்டு மருந்துக்குக் கேட்கவில்லை. கண்ணில் எரிச்சல் என்றால் எங்கள் பக்கம் தாய்ப்பால் விடுவார்கள். அண்ணன் பெண்டாட்டி பவுனு மதினிக்கு நாலு மாதக் கைக்குழந்தை. அம்மா கெஞ்சிக் கேட்டாள், மதினி சங்கில் பீய்ச்சி இரண்டு சொட்டு விட்டாள். நான் தடுக்கவில்லை. பி.எஸ்சி. படித்து என்ன கிழித்தேன்.

விடியும்போது கண் சீழ் கட்டி வீங்கியிருந்தது. அண்ணன் கர்ணனும் நானும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே எங்களோடு பஸ்ஸில் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் அம்மாவோடு சேர்த்து ஒன்பது பேர். எல்லாருக்கும் சீழ்.

வீட்டில் கண்ணுக்கு என்ன போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். அம்மாவுக்கு மறைக்கத் தெரியாது. தாய்ப்பால் என்று கேட்டதும் அந்த ஆள் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, சாகிறவரைக்கும் மறக்காது.

அடுத்த கட்டிலில் கிடந்த ராக்கப்பன் மாமா கேட்டார்: "அப்ப எனக்கு யாரு பாலு விட்டதுங்கய்யா? எம் பொண்டாட்டிக்கு அறுவத்தஞ்சு வயசு."

யாரும் சிரிக்கவில்லை.

கண்ணை எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் சீழ் மூளைக்குப் போகும் என்றார்கள். ஒரு தாளை நீட்டினார்கள். வீட்டில் தாய்ப்பால் விட்டதால் கிருமி தொற்றியது என்று அதில் அடித்திருந்தது. பஸ்ஸிலேயே வலித்ததைச் சொன்னேன். நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். மீதி எட்டுப் பேரைக் காட்டினேன்.

"நேரம் போகுதும்மா," என்றார் டாக்டர். "கையெழுத்துப் போட்டாத்தான் தியேட்டருக்கு எடுக்க முடியும்."

அம்மா இரும்புக் கட்டிலில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள். போட்டுக் கொடுத்தேன். அண்ணனுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். வாசித்துக் காட்டினேன். வெளியே போய்விட்டான்.

எட்டாம் நாள் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மதினி குழந்தைக்குப் புட்டியில் டப்பாப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. இனி குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அவள் எதிரே உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். ராக்கப்பன் மாமாவுக்கும் கண் போனதைச் சொன்னேன்.

"எல்லாஞ் சரி முத்துலட்சுமி," என்றாள். "பெறகு எதுக்குக் கையெழுத்துப் போட்ட?"

அம்மா வலி தாங்கவில்லை, வேறு வழியில்லை என்றேன்.

"படிச்ச புள்ள. இல்லாததுக்கா கையெழுத்துப் போடுவ?"

பாயில் படுத்திருந்த அம்மா கட்டுப் போட்ட முகத்தை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"விடு ஆத்தா. அவ என்ன, தெரிஞ்சா செஞ்சா?"

மதினியைப் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டாள். அதற்கு மேல் நான் சொன்னது எதுவும் அந்த வீட்டில் எடுபடவில்லை. மதினி கொல்லைப் பக்கம் போய் பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டாள். குழந்தை புட்டியைத் தள்ளிவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.