கிணறு இல்லாத வீடு

நாங்கள் எழுதிய கதை இரண்டாவது தடவையாக வேறு யாரோ எடுத்த படத்தில் வந்துவிட்டது. அன்றிலிருந்து, என்னோடு சேர்ந்து எழுதும் சுகதேட்டன் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிப்போனது.

டிரெய்லர் ஓடி முடிந்ததும் செல்போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். “படகுல டிக்கெட் கிழிக்கிறவன் சொந்த மகளையே அடையாளம் தெரியாம காசு கேக்குறான். நம்ம சீன். இந்த ரூமை விட்டு எப்படி வெளிய போச்சு, செலினே?”

“எனக்கென்ன சேட்டா தெரியும்?”

“ரூம்ல இருக்கறது நாம ரெண்டு பேர்தான்.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது.

கொச்சி தேவராவில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் அறை. எப்போதும் ஐந்தாறு கதைகள் ஒன்றாக அடுப்பில் இருக்கும். அவர் நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்வார். நான் அதைக் காட்சி காட்சியாகப் பிரித்து எழுதுவேன். காலையில் தங்கச்சன் சலூனில் சவரம் முடித்து, பவுடர் வாசனையோடு வந்து, “இடைவேளை அங்க வேணாம், கொஞ்சம் முன்னாடி வை” என்பார். அது எப்படி ராத்திரியோடு ராத்திரியாகத் தெளிந்தது என்று நான் கேட்டதில்லை. போஸ்டரில் ‘சுகதன் – செலின்’ என்று வரும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் என் பெயர் வருவதற்கு நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். கதையை வெளியே விற்கிறவள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், கொச்சியில் ஒரு தயாரிப்பாளர் வீட்டிலும் என்னை உட்கார வைத்துக் கதை கேட்கமாட்டார்கள்.

அதன்பிறகு மனிதர் கண்கொத்திப் பாம்பாகிவிட்டார். போனில் யார், பையில் என்ன, நேற்று ஏன் சீக்கிரம் கிளம்பினாய். என் அம்மா கூப்பிட்டால்கூட ஸ்பீக்கரில் போடச் சொல்வாரோ என்று இருந்தது.

அப்போது நர்ஸ் கதை கையில் இருந்தது. குவைத்தில் உழைத்துக் கட்டிய வீட்டுக்கு ஒரு நர்ஸ் திரும்பி வருகிறாள். அங்கே அண்ணன் குடும்பம் அவளை விருந்தாளியாக நடத்துகிறது. “எப்ப திரும்பிப் போற?” என்று கேட்கிறது. முடிவு மட்டும் அமையவே இல்லை. ஒருநாள் சுகதேட்டன் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“முடிவு கிடைச்சாச்சு. அவ வீட்டுச் சாவியைக் கிணத்துல வீசுறா. அண்ணன் பின்னாடியே குதிக்கிறான். உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விடாத.”

நான் பேனாவை எடுக்கவில்லை. கிணறா? முதல் பாதியில் அந்த வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வராமல் ஒரு சண்டையே எழுதியிருக்கிறோம். கிணறு இருந்தால் அந்தச் சண்டை எதற்கு? இரண்டாம் பாதியில் தீக்குச்சி உரச வேண்டுமென்றால் முதல் பாதியிலேயே தீப்பெட்டியைக் காட்டு என்று என் உயிரை வாங்கியவர் இவர். இது கதைக்காகச் செய்த காட்சி இல்லை, எனக்காக வைத்த பொறி. கூடவே உட்கார்ந்து எழுதியவளுக்கு அதுகூடவா தெரியாது?

அட பாவி மனுஷா! கேட்டிருக்கலாம். ஆனால் எதுவரை போகிறார் பார்ப்போம் என்று வீம்பு வந்துவிட்டது. “நல்லா இருக்கு சேட்டா” என்றேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, கதை சொல்லத் தயாரிப்பாளர் வர்க்கிச்சன் வீட்டுக்குப் போனோம். பனம்பிள்ளி நகர், மாடி ஹால், சுடச்சுடப் பழம்பொரி. சுகதேட்டன் கதை சொன்னால் குழந்தை அழும் இடத்தில் குழந்தையாகவே அழுவார். வர்க்கிச்சன் வாயில் வைத்த பழம்பொரியைக் கடிக்காமல் கேட்டார். கடைசிக்கு வந்தபோது வர்க்கிச்சன் முந்திக்கொண்டு கையைத் தட்டினார்.

“அப்புறம் சாவி கிணத்துல, அண்ணனும் கிணத்துல. அதானே?”

சுகதேட்டன் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம்கூட இல்லை. ஜெயித்த திருப்தி இருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“இந்த முடிவை இவகிட்ட மட்டும்தான் வர்க்கிச்சா சொன்னேன். வேணும்னே சொன்னேன். இப்ப கையும் களவுமா மாட்டிக்கிட்டா.”

நான் வர்க்கிச்சன் பக்கம் திரும்பினேன். “வர்க்கிச்சாயா, இது உங்களுக்கு யார் சொன்னா? நானா?”

“நீ எங்கம்மா சொன்ன? என் டிரைவர் ஜோபி சொன்னான். அவனும் சினிமாவுக்குக் கதை வச்சிருக்கானாம், முடிவு இதேதான். இந்த ஊர்ல யார்தான் வைக்கல?”

ஜோபியைக் கூப்பிட்டார்கள். அவன் கூச்சமே இல்லாமல் சொன்னான். “முடிவு மட்டும் என்னுது இல்ல சார். முடி வெட்டப் போனப்ப தங்கச்சன் சொன்னாரு. அவரும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதுறாரு. அந்தப் படகுக் கதைகூட அவர்தான் முதல்ல சொன்னாரு.” பிறகு சுகதேட்டனைப் பார்த்துச் சிரித்தான். “சேட்டன் சவரம் பண்ணிக்கும்போது கதை சொல்வீங்களாமே? கத்தி எங்க நிக்குதோ அங்கதான் இடைவேளையாமே?”

சுகதேட்டனின் கை தானாக வழவழவென்றிருந்த தாடைக்குப் போனது.

“சினிமாவுல இல்லாத ஆள்கிட்ட சொல்லிப் பார்த்தாதான் தெரியும்...” என்று இழுத்தார்.

“பொறியையுமா சொல்லிப் பார்த்தீங்க?” என்று கேட்டேன்.

“நம்புற மாதிரி இருக்கான்னு...” என்றார்.

வர்க்கிச்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜோபியும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைத் திருடி என்று சொன்னது அந்த ஹாலில்தான். அதை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சுகதேட்டன் பொரோட்டாவும் பீஃப் வறுவலும் வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தார். முகத்தில் அன்றைக்குச் சவரம் இல்லை.

“தப்புதான் மோளே, விட்டுடு. வர்க்கிச்சன் கதை ஓகேங்கறார். முடிவுதான் வேணுமாம். நீ ஏதோ யோசிச்சு வச்சிருக்க. உன் மூஞ்சியே சொல்லுது. சொல்லு.”

யோசித்து வைத்திருந்தேன்தான். நல்ல முடிவு. நினைத்தாலே எனக்கு மயிர்க்கூச்செறியும் முடிவு. வாய் வரைக்கும் வந்தது.

“அவ பரண்ல ஏறி அப்பாவோட பழைய துப்பாக்கியை எடுக்கிறா சேட்டா.”

நடந்துகொண்டிருந்தவர் நின்றார். பொரோட்டாப் பொட்டலத்தை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

“அது புதுசாக் கட்டின கான்கிரீட் வீடாச்சே. பரண் ஏது?”

“இல்லதான்” என்றேன்.

அந்தக் கிணறு மாதிரிதான் இந்தப் பரணும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து கதை கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த நல்ல முடிவைச் சொல்லாமலே என் பேனாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.