இரவல் கம்பளம்

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. எதிர்வீட்டுக் கதவு என் சமையலறை ஜன்னலுக்கு நேராக இருந்தால் நான் என்ன செய்வது?

அங்கே இருப்பவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் சாயங்கால ஷிப்டு பார்க்கிறாள். நாலு வயதில் ஒரு மகள், சிட்டு. புருஷன் எங்கே என்றால் "வெளியூர்ல" என்பாள். எந்த ஊர் என்று நானும் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாயிற்று.

முன்பெல்லாம் வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளையை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவாள். "அக்கா, ஒரு காது வச்சுக்கங்க" என்பாள். எனக்கா காது வைக்கச் சொல்லித்தர வேண்டும்! சிட்டு அழ மாட்டாள். கரண்டியால் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். அதைத்தான் கேட்கச் சகிக்காது.

அப்புறம்தான் குழந்தைகள் நல அலுவலகமும் பல்கலைக்கழகமும் கைகோத்து ஒரு திட்டம் கொண்டுவந்தன. சாயங்கால வேலைக்குப் போகும் தாய்மார் வீட்டுக்கு ஒரு துணையம்மா வந்து பிள்ளையோடு இருப்பாள். அதனால் பலன் உண்டா என்று பல்கலைக்கழகத்துப் பெண் வீடு வீடாகக் கேட்பாள். அவள் சொல்வதை வைத்து அலுவலகம் முடிவெடுக்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பெண் வந்து இறங்கியது அலுவலகத்து வெள்ளைக் காரில். போன வருஷம், கவனிப்பு போதவில்லை என்று கீழ்வீட்டு இரட்டைக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போனதும் அதே கார்தான். இரண்டும் இன்னும் திரும்பவில்லை.

போதாதா? தெருமுனையில் கார் தெரிந்ததும் கட்டிடமே அமளிப்பட்டது. என் சிவப்புக் கம்பளம், மேல்வீட்டுப் பொம்மை ரயில், இன்னொரு வீட்டுப் பழக்கூடை எல்லாம் ஊர்வலம் கிளம்பின. அந்தப் பெண் ஒரு வீட்டில் எழுந்து விடைபெறும்போதே கம்பளம் பின்படி வழியாக அடுத்த வீட்டுக்கு ஓடும். எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு: "ஒரு குறையும் இல்லைம்மா. எப்பவுமே இருந்ததில்லை."

நேற்று அந்தப் பல்கலைக்கழகத்துப் பெண் மறுபடி எதிர்வீட்டுக்கு வந்தாள். கூடவே நல அலுவலகத்து அதிகாரி. சர்க்கரை கேட்கும் சாக்கில் நானும் உள்ளே நின்றேன்.

"திட்டத்துக்கு முன்னாடியும் கஷ்டமில்லை, இப்பவும் இல்லைன்னு இங்க எல்லாரும் சொல்லிட்டீங்க. அதனால துணையம்மாவை அடுத்த மாசம் வேற தெருவுக்கு மாத்துறாங்க" என்றாள் அந்தப் பெண்.

சலவைக்காரி முகம் வெளுத்தது. சொன்னால் கார்; சொல்லாவிட்டால் மறுபடி பூட்டு. வாயைத் திறக்காதே என்று நான் கண்ணைக் காட்டினேன். என்னைப் பார்த்தால்தானே!

"இந்தக் கம்பளம் என்னோடது இல்லை, மேடம்."

"தெரியும். இதே டீக்கறையை மூணு வீட்டுல பாத்தேன். ஆனா நீங்க சொன்னதைத்தானே நான் எழுத முடியும்?"

எனக்குச் சுருக்கென்றது. கறை என் வீட்டுக்காரர் உபயம்.

"அப்ப இதையும் எழுதுங்க. முன்னாடி இவளை உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போவேன். கதவைத் தட்டிக்கிட்டே கிடப்பா. துணையம்மா வந்தப்புறம்தான் நின்னுச்சு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நான் இதைக் கேக்காத மாதிரி இருக்க முடியாதும்மா."

"சார், எங்ககிட்ட சொல்றது எங்களைத் தாண்டாதுன்னு வாக்குக் கொடுத்திருக்கோம்" என்றாள் அந்தப் பெண்.

"அப்புறம் என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

இருவரும் கீழே இறங்கிப்போய்க் காருக்குப் பக்கத்தில் நின்று வாதாடினார்கள். ஜன்னலிலிருந்து கைகள் ஆடுவது தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் காது இப்படிக் காலை வாரியதே கிடையாது.

வேலை நேரம் நெருங்கியது. துணையம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். "என்ன, ஆளாளுக்கு இப்படி நிக்கிறீங்க?"

சலவைக்காரி கம்பளத்தைச் சுருட்டி என் கையில் திணித்தாள். பிறகு துணையம்மாவிடம், "உள்தாழ்ப்பாள் போட்டுக்கங்க. யார் வந்தாலும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "யார் வந்தாலும் முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க."

கீழே போய், காரைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து நடந்தாள். கார் நகரவில்லை.

நான் வெளியே வந்ததும் எதிர்வீட்டில் தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்டிச் சத்தம். சாப்பாட்டுத் தட்டில்தான் தட்டுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கம்பளத்தோடு அங்கேயே நின்றேன்.