மிக்றோஸ் பையோடு பன்னிரண்டு நாள் தாய்லாந்து

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. எழுபத்திரண்டு படங்களைப் பார்த்ததால் வந்த வினை இது. லுசேர்ணில் நான் வேலைசெய்யும் ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவுகிற குகதாசன், 95 தை மாதம் தாய்லாந்துக்குப் போய்வந்தான். 'பன்னிரண்டு நாள்: பண்பாடு, வரலாறு, இயற்கை எழில். வழிகாட்டியுடன்' என்றது பிரசுரம். படங்களில் பண்பாடு இருந்தது, வரலாறு இருந்தது, இயற்கையும் தாராளமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் குகதாசன் மிக்றோஸ் என்கிற சுவிஸ் பலசரக்குக் கடையின் பையொன்றை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான்.

"உதென்னடாப்பா பை?" என்று கேட்டேன்.

"கூறைச்சீலை அண்ணை. தாலியும் கிடக்கு."

கேட்டிருக்கக் கூடாது. கேட்டபடியால் எழுதவேண்டி வந்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: 'பொற்கோபுரங்களின் நகரமாம் பாங்கொக் அதிகாலை வெயிலில்—'

(வெட்டிவிட்டேன். பாங்கொக்கை நான் கண்டதேயில்லை. இது பிரசுரத்தின் மூன்றாம் பக்கம்.)

இரண்டாம் தொடக்கம்: 'முப்பத்தாறு வயதுக் குகதாசனிடம் இருந்தது, ஊருக்கு மட்டும் போக முடியாத ஓர் அகதிப் பயணப் பத்திரம்—'

இது உண்மைதான். ஆனால் இங்கே பாதிப் பேருடைய கதை இப்படித் தொடங்குவதால் வாசகர் கொட்டாவி விடுவார். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவனால் யாழ்ப்பாணம் போக முடியாது, பெண்ணால் சுவிஸ் வர முடியாது, நடுவில் எங்கேயாவது தாலி கட்டவேண்டும். பாங்கொக்கில் மாரியம்மன் கோயில் இருந்தது. தனியாகப் போனால் ஆயிரம் கேள்வி, சுற்றுலாக் கூட்டத்தோடு போனால் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று யாரோ புத்தி சொன்னார்கள். இருபத்துமூன்று சுவிஸ் பென்சன்காரர்களுக்கு நடுவில் மாப்பிள்ளை புறப்பட்டார்.

நிகழ்ச்சி நிரலில் மூன்றாம் நாள் காலை பத்தரை வரை 'பொருட்கள் வாங்க ஓய்வு நேரம்'. ஊர்ச் சாத்திரியார் குறித்த முகூர்த்தம் அதே நாள் ஒன்பது பத்து. இப்படியும் பொருந்துமா என்று மகிழ்ந்து அவன் அன்றைக்கே படிவத்தில் கையெழுத்து வைத்தான்.

3

எட்டரைக்கே பையோடு கோயிலில் நின்றான். ஒன்பது பத்து வந்தது, போனது. பெண் வரவில்லை. ஐயர் தமிழ்நாட்டுக்காரர், பொறுமைசாலி.

"முகூர்த்தம் எந்த ஊர் நேரத்துக்குக் கணிச்சது தம்பி?" என்று கேட்டார்.

குகதாசன் மணிக்கட்டை நீட்டினான். "இது சுவிஸ் மணிக்கூடு ஐயா. ஒரு நிமிசமும் பிழைக்காது."

(இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தில் சந்தேகம் வந்தது. ஒரு மனிதன் இவ்வளவு மொக்கனாக இருப்பானா? அவனிடமே கேட்டேன். "நான் அப்பிடித்தான் சொன்னனான் அண்ணை" என்றான். பாத்திரமே ஒப்புக்கொண்டபின் நான் என்ன செய்ய.)

பெண்ணின் தகப்பன் தம்பித்துரையர் முந்தின நாள்தான் மகள் தனலட்சுமியோடு கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்து இறங்கியிருந்தார். தாலிக்கு முன் சந்திப்புக் கூடாது என்பது அவருடைய கட்டளை. ஆகவே தங்கிய இடத்தின் பெயரைக்கூட மாப்பிள்ளைக்குச் சொல்லவில்லை. பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்தில் கணித்தது என்பதால் தன் மணிக்கூட்டையும் அவர் மாற்றவில்லை. அங்கே ஒன்பது பத்து என்றால் பாங்கொக்கில் பத்து நாற்பது.

பத்தரைக்கு பஸ் பாங்கொக்கை விட்டே புறப்படும். குகதாசனுடைய பயணப் பத்திரம் வழிகாட்டி மோசரின் தோள்பைக்குள் இருந்தது.

"என்ரை படத்தைப் பாத்திட்டுப் பொம்பிளை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டா எண்டு நினைச்சன் அண்ணை" என்றான். "பேப்பரும் இல்லாமல் அங்கை நிண்டு என்ன செய்யிறது? பயந்திட்டன்."

ஓடினான். பத்து இருபத்தொன்பதுக்கு பஸ்ஸில் ஏறினான். பிந்தாமல் வந்ததற்காகப் பென்சன்காரர்கள் கைதட்டினார்கள். பத்து நாற்பதுக்குத் தனலட்சுமி கோயில் வாசலில் வந்து இறங்கினாள்.* ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்பதைச் சமையலறைக்காரனைப் பற்றியே எழுதவேண்டி வந்தது.

* இதெல்லாம் தம்பித்துரையர் பிறகு குகதாசனுக்கு எழுதிய கடிதத்திலிருந்து. கடைசி வரி: 'பஸ்ஸைத் தவறவிடாத மாப்பிள்ளை எங்களுக்கு வேண்டாம்.'

4

முடிவு ஒன்று. பக்கத்து இருக்கைச் சுவிஸ் பாட்டி ஃபிறாவ் கெல்லர் பஸ்ஸை மறிக்கிறார். இருபத்துமூன்று பேரும் கோயிலுக்குப் போய் மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போட்டு, படமெடுத்து, ஆல்பத்தில் 'தாய்லாந்துப் பண்பாடு' என்று எழுதி ஒட்டுகிறார்கள். எனக்குப் பிடித்த முடிவு. "பகிடி விடாதேங்கோ" என்றான் குகதாசன்.

முடிவு இரண்டு. பத்தாம் நாள் பஸ் பாங்கொக் திரும்பியதும் அவன் கோயிலுக்கு ஓடுகிறான். வாசலில் அவள்—

(இல்லை. ஓடியது மட்டும்தான் உண்மை. அந்தப் பெண் நாலு நாள் தொடர்ந்து வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனதாக ஐயர் சொன்னார்.)

முடிவு மூன்று அவன் கேட்டது. "நான் நிண்டனான் எண்டு எழுதுங்கோ அண்ணை. பஸ் போகட்டும். கதையிலையாவது பத்து நிமிசம் நிக்கிறன்."

"நடந்தது உனக்கும் எனக்கும் தெரியும். ஆருக்காக மாத்திறது?"

அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீங்கள் எழுதிற புத்தகம் வெள்ளவத்தைக்கும் போகுதெண்டு சொன்னியள்."

ஒரு வரி எழுதினால் போதும், 'அவன் நின்றான்' என்று. எழுதிப் பார்த்தேன், வெட்டினேன். மற்ற எல்லோரும் நம்புவார்கள். அந்த வாசலில் போய் நின்றவள் நம்பமாட்டாள்.

5

ஆகவே வாசகரே, மன்னியுங்கள். முடிவை உங்களிடம் விடுவதுதான் இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். இந்த முடிவு உங்களுடையதல்ல. வெள்ளவத்தையில் தகப்பனோடு இருக்கும் ஒரே ஒரு வாசகருடையது. நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

தனலட்சுமி, அவன் நிற்கவில்லை. பயந்து பஸ்ஸில் ஏறிவிட்டான். ஆனால் பன்னிரண்டு நாளும் பையைக் கீழே வைக்கவில்லை. யானை முகாமில் எடுத்த படத்தில் பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருக்கிறான், யானை இழுக்கப் பார்த்ததாம். கூறை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. இந்த வருட விடுமுறையை அவன் இன்னும் எடுக்கவில்லை. இந்த முறை பயணப் பத்திரம் அவனுடைய சட்டைப் பையில்தான் இருக்கும்.

நாளையும் நேரத்தையும் நீங்களே குறித்து அனுப்புங்கள். எந்த ஊர் நேரம் என்பதையும் எழுதிவிடுங்கள்.