முதல்ல விளக்கு, அப்புறம் நெருப்பு

இன்ஜினியரிங்கைப் பாதியில விட்ட வைரவனுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில பெப்டைட் வேலை, அதாவது கட்டி இருக்கிற இடம் வரைக்கும் மருந்து சுமக்கிற வேலை, கிடைச்சுது. முதுகுல கூண்டைக் கட்டிக்கிட்டு, சிரிஞ்சு வழியா நோயாளி உடம்புக்குள்ள இறங்கணும். ரத்தத்தோட போயி வீடு வீடாக் கதவைத் தட்டணும். நல்ல வீடு எதுவும் திறக்காது. புற்றுநோய்க் கட்டி குடியிருக்கிற வீடு மட்டும் திறக்கும்.

முதல் தடவை போகும்போது கூண்டுக்குள்ள விளக்கு. எந்த வீடு திறந்துச்சுன்னு வெளிய கேமராவுல தெரிஞ்சிரும். ரெண்டாம் தடவை அதே வீட்டுக்கு அதே ஆளு, கூண்டுக்குள்ள நெருப்பு.

"ரெண்டாம் தடவை வேற ஆளை அனுப்பக்கூடாதா சிஸ்டர்?"ன்னு சேந்த அன்னைக்கு வைரவன் கேட்டான்.

பியூலா சிஸ்டர் கூண்டோட வாரை இறுக்கிக்கிட்டே சொன்னாங்க. "தெரிஞ்ச முகத்துக்குத்தான் தம்பி கதவு திறக்கும். உனக்குப் பால் வடியுற மூஞ்சி. அதைப் பாத்துத்தான் எடுத்தோம். பின்ன மார்க்கைப் பாத்தா எடுத்தோம்?"

"மார்க்குன்னு ஒண்ணு இருந்தாத்தானே சிஸ்டர் பாக்குறதுக்கு."

வேலை சுலபம். வேலை முடிஞ்சப்புறம்தான் பாடு. விளக்கோ நெருப்போ, சரக்கு எல்லாமே கதிர்வீச்சு; சுமந்த உடம்பு ஆறுற வரைக்கும் யாரும் ஒட்டி நிக்கக்கூடாது. ஆறுறதுக்குள்ள அடுத்த சரக்கு வந்துரும். டீக்கடைக்காரர் கிளாஸை பெஞ்சு கடைசியில வெச்சிட்டு ஓடிருவாரு. சலூன்காரர் கத்திரியை மூங்கில் கம்புல கட்டித்தான் வெட்டுவாரு, அதனாலதான் வைரவன் தலை அப்படி இருக்கும். சினிமாவுக்குப் போனா ஒரு வரிசையே அவனுக்கு. காரைக்குடியிலேர்ந்து போன் பண்ணுற அம்மாகூட போனைக் காதுலேர்ந்து கொஞ்சம் தள்ளி வெச்சுக்கிட்டுதான் பேசுச்சு.

இந்த நிலைமையிலதான் தனுஷ்கோடி வந்தாரு. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். ஈரல்ல கட்டி. ஊசி போடும்போது சிரிஞ்சுக்குள்ள இருந்த வைரவனைப் பாத்து பழக்கதோஷத்துல சொன்னாரு, "உள்ள போ, உள்ள போ, வாசல்ல நிக்காதே."

வைரவன் உள்ள போனான். நுரையீரல்ல தட்டினான், எலும்புல தட்டினான். ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு உள்ள போயிட்டாங்க. ஈரலுக்குப் போனா அங்க ஒரு வீடு, சுவரே தெரியாம எங்க பாத்தாலும் கதவு. தட்டுறதுக்கு முன்னாடியே ஒண்ணு திறந்துச்சு. ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா, நைட்டிக்கு மேல துண்டு.

"வா தம்பி, உள்ள வா."

"எதுக்குக்கா இத்தனை கதவு?"

"யாராச்சும் வருவாங்கன்னு தோணும்போதெல்லாம் ஒண்ணு முளைக்கும்."

டீ குடுத்தாங்க. குடுத்துட்டு, பெஞ்சுல அவனுக்குப் பக்கத்துலயே உக்காந்தாங்க. தோளு தோள்ல இடிச்சுது. வைரவன் நகரல. டீ ஆறிப்போயும் மெதுவா, ரொம்ப மெதுவாக் குடிச்சான். விளக்கு மங்கினதும் கிளம்பினான்.

வெளிய கேமராவுல தனுஷ்கோடியோட ஈரல் தீபாவளி மாதிரி எரிஞ்சுது. அவரு படத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் ஈயத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ன வைரவன்கிட்ட கேட்டாரு.

"உள்ள யாருப்பா?"

"ஒரு அக்கா சார். டீ குடுத்தாங்க."

"எனக்குத் தை மாசம் பொண்ணு கல்யாணம்."

"சரி சார்."

ரெண்டாம் தடவை கூண்டுல நெருப்பு. கிட்னியில இருக்கிறவங்க போற வர்றவனை எல்லாம் பிடிச்சு உக்கார வெச்சிருவாங்கங்கிறதால, பியூலா சிஸ்டர் முன்கூட்டியே அமினோ ஆசிட் கூட்டத்தை அனுப்பி அவங்களைப் பேச்சுல இழுத்து வெச்சிருந்தாங்க. வைரவன் நேரா ஈரலுக்குப் போனான். வாசல்லயே நின்னான்.

அக்கா கூண்டைப் பாத்தாங்க. "இன்னைக்கு விளக்கு இல்லையா?"

"இல்லக்கா."

"சரி, உள்ள வா. வாசல்ல நின்னா பக்கத்து வீட்டுக்காரங்களுக்குச் சுடும்."

அவன் உள்ள வந்ததும் ஒவ்வொரு கதவா சாத்திட்டு வந்து பக்கத்துல உக்காந்தாங்க. அடுப்பு பத்த வைக்காமலே டீ கொதிச்சுது. பேசிக்கிட்டே இருந்தாங்க. சமையக்கட்டு போச்சு, கூடம் போச்சு. வாரக்கணக்குல பேச்சு ஓடுச்சு. அக்கா டம்ளர் அளவுக்குச் சின்னதாகி, அப்புறம் சக்கரைக் குருணை அளவுக்கு ஆகி, ஏதோ சொல்ல வந்தவங்க பாதியில இல்லாமப் போனாங்க. வைரவன் டம்ளரைக் கழுவிக் கவுத்து வெச்சிட்டு, கிட்னி வழியா வெளிய வந்தான்.

தை மாசம் கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. வைரவனுக்கும் பத்திரிகை வந்துச்சு. அந்த நெருப்புக்கு அப்புறம் அவன் சரக்கே எடுக்கல, உடம்பு சுத்தமா ஆறியிருந்துச்சு. ஆனாலும் பந்தியில அவன் இலையை மட்டும் தனியா, தூண் ஓரத்துல போட்டாங்க. தனுஷ்கோடி பாயசத்தோட தேடி வந்தாரு.

"எங்கப்பா தங்கியிருக்கே?"

"சூளைமேட்டுல சார். பக்கத்து ரூமெல்லாம் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

"என் ஈரல்ல அந்த இடம் சும்மாத்தான் கிடக்கு. வந்து இருந்துக்கோ. வாடகை வேணாம், ஒரே கண்டிஷன். செக்கப்புன்னு விளக்கோட ஆளை அனுப்புவாங்க. யாரு தட்டினாலும் திறக்காதே. திறந்தா நான் போய்ச் சேந்துருவேன்."

"நான் ஏன் சார் திறக்கப் போறேன்."

ஒரு பாய், பக்கெட்டு, கவுத்து வெச்ச டம்ளர். வைரவன் குடியேறினான். நல்ல காத்தோட்டம். விலா எலும்புக்கு அந்தப் பக்கம் தனுஷ்கோடி பொண்ணுகிட்ட பேசுறது கேக்கும். வைரவனும் நடுவுல ஏதாவது ஜோக்கு சொல்லுவான். அங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. கொஞ்சம் விட்டு அவனே சிரிச்சுக்குவான்.

ஒரு காலையில கதவு தட்டுற சத்தம்.

"யாரு?"ன்னுட்டான்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்துண்ணே. ஜெனிட்டா. புதுசா சேந்திருக்கேன். பயப்படாதீங்க, விளக்குதான்."

வைரவன் வாயை மூடிக்கிட்டான்.

"தட்டுறது என் வேலைண்ணே, திறக்கணும்னு இல்ல. காலையிலேர்ந்து உடம்பு பூரா தட்டிட்டேன். யாரும் திறக்கல." கூண்டோட வாரைத் தோள் மாத்திப் போடுற சத்தம் கேட்டுச்சு. "என் பக்கத்துல நேத்து பஸ்ல யாருமே உக்காரலண்ணே. மூணு பேரு சீட்டு." அப்புறம் ரெண்டு அடி நகர்ற சத்தம். "சரி, நான் கிளம்புறேன்."

வைரவன் தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டே நின்னான். அங்க வெளிய, மிஷினுக்குள்ள படுத்திருந்த தனுஷ்கோடி மூச்சைப் பிடிச்சாரு. ஈரல் அசையாம நின்னுச்சு.

தாழ்ப்பாளைத் திறந்தான்.

"உள்ள வா. வாசல்ல நிக்காதே."

ஜெனிட்டா விளக்கோட உள்ள வந்தா. வெளிச்சம் சுவரெல்லாம் ஏறுச்சு. அவ சுத்திப் பாத்துட்டுக் கேட்டா, "ஒத்தை ரூமுக்கு எதுக்குண்ணே ரெண்டு கதவு?"

"மூணு. அடுப்புக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு, இன்னைக்கு விடியக்காலையிலதான் முளைச்சுது"ன்னு சொல்லிட்டு, வைரவன் டீக்குத் தண்ணி வெச்சான்.